ஊரைப் பொம்மையாக்குவது: குறைந்த செலவில் மினியேச்சர் வீடியோ எடுக்க முழு வழிகாட்டி

பாம்பன் சாலைப் பாலத்தில் பேருந்து ஏறியதும் ஜன்னலோரம் இருப்பவர்கள் எல்லாரும் கழுத்தைத் திருப்பிக் கீழே பார்ப்பார்கள். நீலமும் பச்சையுமாகப் படகுகள், கரையில் நெருக்கமாக வீடுகள், கடல் மேல் கோடு போட்டதுபோல ரயில் பாதை. "பொம்மை மாதிரி இருக்குல்ல?" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் அந்தப் பாலத்தைக் கடந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தப் பொம்மைத்தனத்தை அப்படியே வீடியோவில் கொண்டுவர முடியும். மேலும் கீழும் மங்கலாக, நடுவில் ஒரு பட்டை மட்டும் துல்லியமாக இருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். டில்ட் ஷிஃப்ட் என்பார்கள். அதற்கென்று பெரிய நிறுவனங்கள் விற்கும் புது லென்ஸ் வாங்கப் போனால் லட்ச ரூபாய் கணக்கு. நான் சொல்லப்போவது கையில் இருக்கும் போனையோ சாதாரண கேமராவையோ, இலவச எடிட்டிங் மென்பொருளையும் வைத்துச் செய்வது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் மங்கலாக்குவதுதான் கடைசி. இடம், கோணம், வெயில், வேகம் நான்கும் சரியாக அமைந்தால், மங்கலே இல்லாமல் பார்த்தாலும் பாதி பொம்மையாகத் தெரியும். அவை அமையாத வீடியோவில் எவ்வளவு மங்கல் போட்டாலும் லென்ஸ் அழுக்காக இருந்ததுபோலத்தான் தெரியும். என் முதல் வீடியோ அப்படித்தான் வந்தது. அதைப் பார்த்த நண்பனின் மகள் லென்ஸைத் துடைக்கத் துணி எடுத்து வந்தாள்.

கண் ஏன் ஏமாறுகிறது

ஒரு கணக்கு பார்ப்போம். முழு ஃப்ரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8 திறப்பு (வெளிச்சம் நுழையும் துளையின் அளவு; எண் கூடினால் துளை சின்னது). அரை மீட்டர் தூரத்தில் இருக்கும் பொம்மைக் காரை ஃபோகஸ் செய்தால், முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர்தான் துல்லியமாக இருக்கும். அதே லென்ஸில் 30 மீட்டர் தள்ளி இருக்கும் நிஜக் காரை ஃபோகஸ் செய்தால், 15 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே துல்லியம். கிட்டத்தில் பார்க்கும் சின்னப் பொருளைச் சுற்றித்தான் மங்கல் இருக்கும் என்பதை நம் கண் வாழ்நாள் முழுக்கப் பழகியிருக்கிறது. ஆகவே ஒரு பெரிய காட்சியில் அந்த மங்கலைச் செயற்கையாக வைத்தால், இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, சின்னதாகத்தான் இருக்கும் என்று மூளை முடிவு செய்துவிடுகிறது.

இதை லென்ஸைச் சாய்த்தே செய்யலாம். லென்ஸும் சென்சாரும் (கேமராவுக்குள் படம் பதியும் தகடு) இணையாக இல்லாவிட்டால் ஃபோகஸ் தளமும் சாய்ந்துவிடும். வானிலிருந்து எடுத்த படங்களின் கோணலைத் திருத்தப் பாடுபட்ட ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளூக், 1904-இல் வாங்கிய காப்புரிமையில் இந்த விதியை விளக்கினார். அவர் பெயரிலேயே இன்றும் அது வழங்குகிறது. அவர் தேடியது படம் முழுக்கத் துல்லியம். நாம் அதே சாய்வை எதிர்ப்பக்கமாகப் போட்டு, துல்லியத்தை ஒரு பட்டைக்குள் அடைக்கிறோம்.

முதல் வேலை: இடமும் கோணமும்

பொம்மையை நாம் எப்போதும் மேலிருந்துதான் பார்க்கிறோம். தரையிலிருந்து நிமிர்ந்து எடுத்த எந்தக் காட்சியும் பொம்மையாகாது. 30 முதல் 45 டிகிரி வரை கீழ்நோக்கிப் பார்க்கும் உயரம் வேண்டும். நாலாவது மாடி மொட்டை மாடி போதும். மேம்பாலம், மலைக்கோட்டை, கலங்கரை விளக்கம், அணைக்கட்டின் மேல்தளம் எல்லாம் நல்ல இடங்கள். எங்கே போனாலும் முதலில் அனுமதி கேளுங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை இருப்பதால், மலைக்கோயில்களில் அடிவாரத்திலேயே விசாரித்துவிடுங்கள்.

வானத்தை ஃப்ரேமுக்குள் விடவே கூடாது. அடிவானம் தெரிந்த நொடியில் இது எவ்வளவு பெரிய இடம் என்று கண்ணுக்குப் புரிந்துவிடும்.

அடுத்து, ஜூம். போனில் 2 மடங்கு அல்லது 3 மடங்குக்குத் தனி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூம் வேண்டாம். கேமராவில் 70 மி.மீ.க்கு மேல் இருந்தால் நல்லது. அகலக் கோண லென்ஸில் கட்டடங்கள் சாய்ந்து விரியும், பொம்மை மேசை போன்ற தட்டையான அடுக்கு கிடைக்காது.

காட்சிக்குள் என்ன இருக்க வேண்டும்? தெளிவான வடிவமும் அடர்ந்த நிறமும் கொண்ட, ஏற்கெனவே பொம்மைக் கடையில் பார்த்துப் பழகிய பொருள்கள். ரயில், பேருந்து, ஆட்டோ, லாரி, படகு, குடை. மஞ்சள் ஆட்டோ மூன்று வரிசையாக நிற்கும் ஸ்டாண்டை விடச் சிறந்த காட்சி கிடைப்பது அபூர்வம். மரங்கள் அடர்ந்த இடம் சுமார்தான், ஏனென்றால் இலைகளின் நுணுக்கம் அளவைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது: நகரும் பொருள் ஃப்ரேமின் குறுக்கே, இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ போக வேண்டும். அப்போதுதான் துல்லியமான பட்டைக்குள்ளேயே இருக்கும். நம்மை நோக்கி வரும் ரயில் மங்கலில் தொடங்கி, துல்லியத்தில் நுழைந்து, மறுபடி மங்கிப்போகும். தண்டவாளம் ஃப்ரேமின் கீழ்விளிம்புக்கு இணையாக வரும் இடத்தில் நில்லுங்கள்.

பட்டையைக் குறுக்கே வெட்டும் உயரமான பொருளே இந்த வேலையின் பெரிய எதிரி. மின்கம்பம், செல்போன் டவர், கோபுரம். அடி துல்லியமாகவும் நுனி மங்கலாகவும் தெரிந்தால் குட்டு உடைந்துவிடும், ஏனென்றால் அடியும் நுனியும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில்தானே இருக்கின்றன. இரண்டடி நகர்ந்து நின்றால் கம்பம் ஃப்ரேமை விட்டுப் போய்விடுமா என்று பாருங்கள். எடிட்டிங்கில் ஒரு மணி நேரம் மிச்சம்.

வெயில்

காலை எட்டரையிலிருந்து பத்தரை வரை, அல்லது பிற்பகல் மூன்றரைக்குப் பிறகு. கூர்மையான, சற்றே நீண்ட நிழல் வேண்டும். மேசை விளக்கு ஒன்று பக்கவாட்டிலிருந்து அடிப்பதுபோல இருக்கும். மூட்டமான நாளில் எடுத்தால் நிறம் செத்துவிடும்.

தூரத்துக் காட்சிகளில் காற்றில் இருக்கும் வெளிர்நீலப் புகைமூட்டமும் அளவைக் காட்டிக்கொடுக்கும், பொம்மைக்கும் கண்ணுக்கும் நடுவில் புகைமூட்டம் இருக்க வழியில்லை என்பதால். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை இதற்குக் கிடைக்கும் பரிசு. காற்று கழுவிவிட்டதுபோல இருக்கும். கேமரா வைத்திருந்தால் ஒரு போலரைசர் ஃபில்டர் மாட்டிச் சுற்றிப் பாருங்கள், தண்ணீரின் மினுமினுப்பும் மூட்டமும் ஓரளவு குறையும்.

படம்பிடித்தல்

ட்ரைபாட் கட்டாயம். மலிவான ட்ரைபாட் என்றால் நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களையும் பாதி மட்டும் இழுத்து, நடுவில் தண்ணீர் பாட்டில்கள் போட்ட பையைத் தொங்கவிடுங்கள். வீடியோவை வேகமாக ஓட்டப்போவதால், சின்ன நடுக்கமும் பெரிய உதறலாகத் தெரியும். பாலத்தின் மேல் இது கொடுமை. பேருந்து போகும்போதெல்லாம் பாலமே அதிரும், கடல்காற்று வேறு. தூண்களுக்கு நடுப்பகுதியில்தான் அதிர்வு அதிகம், தூணுக்கு நேர் மேலே குறைவு. பாம்பனில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று பயணங்கள் ஆயின. அங்கே வண்டியை நிறுத்திப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்யாமல், நடந்து போய் நடைபாதையிலேயே நின்று எடுங்கள். உப்புக்காற்று லென்ஸில் படியும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடையுங்கள்.

அமைப்புகள் இவை. முடிந்தால் 4கே தரத்தில் எடுங்கள், முடித்துத் தருவது 1080 என்றாலும். ஆட்டத்தைத் திருத்தவும் வெட்டி நகர்த்தவும் இடம் கிடைக்கும். வெளிச்சம், ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால் ஒரு வெள்ளை லாரி வரும்போது படம் இருட்டி, போனதும் வெளுக்கும். வேகமாக ஓட்டும்போது அது கண் சிமிட்டுவதுபோல இருக்கும். போனின் சொந்த கேமராவில் இவற்றைப் பூட்ட முடியாவிட்டால், ஆண்ட்ராய்டுக்கு ஓப்பன் கேமரா, ஆண்ட்ராய்டு ஐபோன் இரண்டுக்கும் பிளாக்மேஜிக் கேமரா என்ற செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஷட்டர் என்பது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் உள்ளே விழும் நேரம்; வெயிலில் படம் வெளுக்காத அளவுக்கு அதை வேகமாக வையுங்கள், விளக்கு எரியும் காட்சிகளுக்கு 1/50 அல்லது 1/100 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மாலையில் விளக்கு எரியும் காட்சிகளில் இந்த இரண்டில் மினுக்கல் குறைவு. கேமராவில் திறப்பை எஃப் 8 பக்கம் வைத்து, படம் முழுக்கத் துல்லியமாக எடுங்கள். மங்கலைப் பிறகு நாம் போடுகிறோம்.

ஒவ்வொரு காட்சியையும் குறைந்தது இரண்டு நிமிடம் நிறுத்தாமல் எடுங்கள். ஏன் இரண்டு நிமிடம் என்பது அடுத்த பகுதியில்.

வேகம்: இதுதான் உயிர்

பலர் இந்த வீடியோக்களை ஏதோ ஒரு வேகத்தில் ஓட்டுகிறார்கள். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட ஏறக்குறைய 0.45 நொடி ஆகும். எல்லாவற்றையும் 64-இல் ஒரு பங்காகச் சுருக்கினால், அந்த உயரம் ஒன்றரை சென்டிமீட்டர்தான். அங்கிருந்து விழ 0.056 நொடி போதும். அதாவது 64 மடங்கு சிறிய உலகத்தில் எல்லாம் 8 மடங்கு விரைவாக நடக்கிறது. 64-இன் வர்க்கமூலம் 8. சினிமாவில் குட்டிக் கப்பலைப் பெரிய கப்பலாகக் காட்ட இதே கணக்கில் ஸ்லோமோஷன் எடுப்பார்கள். நாம் அதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

உள்ளங்கையில் அடங்கும் பொம்மைக் கார்கள் பெரும்பாலும் 64-இல் ஒரு பங்கு அளவில் செய்யப்படுபவை. உங்கள் சாலை அந்தக் கார்கள் ஓடும் சாலையாகத் தெரிய வேண்டுமானால் 8 மடங்கு வேகம். மாதிரி ரயில் ஆர்வலர்கள் அதிகம் வைத்திருக்கும் அளவு 87-இல் ஒரு பங்கு, அதற்கு 9 மடங்குக்குச் சற்று மேல். படகுகளின் ஆட்டத்துக்கு 8 மிக அழகாகப் பொருந்துகிறது, அலையும் சின்னதாகி, தொட்டித் தண்ணீர் தளும்புவதுபோல ஆகிவிடும். மனிதர்கள் கூட்டமாக நடக்கும் சந்தைக்கு 8 எனக்கு அதிகமாகப் படுகிறது, 5 அல்லது 6-இல் நிறுத்திக்கொள்வேன்.

10 நொடி வீடியோவுக்கு 8 மடங்கு என்றால் 80 நொடி எடுத்திருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த இரண்டு நிமிடம்.

வேகத்தைக் கூட்டும்போது மென்பொருள் பக்கத்து ஃப்ரேம்களைக் கலந்து குழைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலக்கும் வசதியை அணைத்துவிட்டால், எட்டு ஃப்ரேமுக்கு ஒன்றை மட்டும் எடுத்து மற்றதை விட்டுவிடும். அப்போது அசைவு லேசாகத் தத்தித் தத்தி, கையால் நகர்த்தி நகர்த்தி எடுத்த பொம்மைப் படம்போல வரும். நமக்கு வேண்டியது அதுதான்.

மெமரி குறைவாக இருந்தால் வேறு வழியும் உண்டு. வீடியோவே வேண்டாம், நொடிக்கு ஒரு போட்டோ எடுக்க வைத்துவிட்டு, அவற்றை நொடிக்கு 12 படமாக ஓட்டுங்கள். 12 மடங்கு வேகம், தத்தலும் தானாகவே வந்துவிடும். இரண்டு நிமிடத்தில் 120 படம், 10 நொடி வீடியோ.

மங்கல் போடுவது

கணினி இருந்தால் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பைச் சொல்வேன். வரிசை இது.

1. முதலில் ஆட்டத்தைத் திருத்துங்கள். திருத்தியதை ஒரு தனி வீடியோவாக எடுத்துக்கொண்டு, அதன் மேல் வேகத்தைக் கூட்டுங்கள். முறை மாறினால் மென்பொருள் குழம்பும்.

2. வேகம் 800 சதவீதம். ரீடைம் அமைப்பில் நியரஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

3. கலர் பக்கத்தில் முதல் நோடில் நிறம் (நோடு என்பது ஒரு திருத்தத்தை வைக்கும் கட்டம்; ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்). பொம்மையின் பெயின்ட் நிஜத்தைவிடப் பளிச்சென்று இருக்கும். செறிவைக் கூட்டுங்கள், கான்ட்ராஸ்டையும் சற்றே ஏற்றுங்கள். ஆனால் மனிதர்களின் தோல் ஆரஞ்சாக மாறும் கட்டம் வந்தால் அங்கிருந்து திரும்பிவிடுங்கள்.

4. அடுத்த நோடில் செவ்வக விண்டோ ஒன்றைப் படத்தின் அகலத்தையும் தாண்டி இழுத்து, பட்டையாக்குங்கள். உயரம் ஃப்ரேமில் நாலில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்று. இன்வர்ட் அழுத்தினால் பட்டைக்கு வெளியே உள்ள பகுதி தேர்வாகும். மேல் கீழ் விளிம்புகளை நன்றாக மென்மையாக்கிவிட்டு பிளரைக் கூட்டுங்கள்.

பெரும்பாலான காணொளிப் பாடங்கள் இத்தோடு முடிந்துவிடும். ஆனால் இங்கே ஒரு குறை இருக்கிறது. நிஜ லென்ஸில் துல்லியத்திலிருந்து விலக விலக மங்கல் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். நாம் போட்டதிலோ ஒரே அளவு மங்கல், அதன் விளிம்பு மட்டும் மென்மை. அந்த விளிம்புப் பகுதியில் துல்லியமான படமும் மங்கிய படமும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும், பொருளைச் சுற்றிப் பேய் நிழல்போல. காரணம் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும்.

தீர்வு, மங்கலை மூன்று நோடாகப் பிரிப்பது. முதல் நோடில் பட்டையை ஒட்டியே தொடங்கும் மிக மெல்லிய மங்கல். இரண்டாவதில் பட்டையின் உயரத்தை இரட்டிப்பாக்கி, அதற்கு வெளியே இன்னும் கொஞ்சம். மூன்றாவதில் ஃப்ரேமின் மேல், கீழ் ஓரங்களுக்கு மட்டும் கனமான மங்கல். ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து படிப்படியாக வளரும். ரிசால்வில் பிளர் அளவு 0.50-இல் தொடங்கும். நான் வழக்கமாக 0.55, 0.62, 0.75 என்று வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு கண்ணால் சரிசெய்வேன். குறைவாகத் தொடங்குங்கள். மங்கல் கூடக்கூடப் பொம்மை சின்னதாகும், அளவு மீறினால் வெறும் கலங்கலாகிவிடும்.

பட்டை எப்போதும் கேமராவிலிருந்து சமதூரத்தில் உள்ள இடங்களின் கோட்டோடு போக வேண்டும். கேமரா சாயாமல் இருந்து தரையும் சமமாக இருந்தால், பட்டை கிடைமட்டமாக இருப்பதே சரி. அழகுக்காகச் சாய்த்துப் போடாதீர்கள். தவிர்க்க முடியாத ஒரு கோபுரமோ கம்பமோ பட்டையில் நின்றால், அதன் உருவத்தைச் சுற்றி இன்னொரு விண்டோ வரைந்து, அந்தப் பகுதியை மட்டும் மங்கலிலிருந்து கழித்துவிடுங்கள். ட்ரைபாடில் எடுத்திருந்தால் ஒருமுறை வரைந்தது கடைசிவரை அப்படியே பொருந்தும்.

5. கடைசியாகக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு புள்ளித் துகள் சேர்த்தால், மங்கிய நீர்ப்பரப்பில் வரும் பட்டை பட்டையான நிறப்படிகள் மறையும்.

போனில் மட்டும் செய்பவர்கள், மாஸ்க் வசதியும் அடுக்கு வசதியும் உள்ள எந்த எடிட்டிங் செயலியிலும் செய்யலாம். ஒரே வீடியோவை மூன்று அடுக்காக வையுங்கள். அடியில் நன்றாக மங்கியது, நடுவில் லேசாக மங்கியது, மேலே துல்லியமானது. மேல் அடுக்குக்கு மெல்லிய பட்டை மாஸ்க், நடு அடுக்குக்கு அகலமான பட்டை மாஸ்க், இரண்டுக்கும் விளிம்பு மென்மை நிறைய.

லென்ஸிலேயே செய்ய ஆசைப்படுபவர்களுக்கு

சாதாரண பிளர் கருவியால் தர முடியாதது ஒன்று உண்டு. இரவு விளக்குகள் நிஜ லென்ஸில் வட்ட வட்டமாக மலரும், பிளர் கருவியில் வெறுமனே கரைந்துபோகும். அதற்காகவாவது ஒருமுறை முயன்று பாருங்கள்.

மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றும் கேமரா) இருந்தால் சாயும் வகை அடாப்டர் ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். பழைய ஜெனித் கேமராவோடு வந்த ஹீலியோஸ் 58 மி.மீ. லென்ஸ் வீட்டு அலமாரியில் இருந்தால் இதற்கு அருமையாகப் பொருந்தும். அந்தப் பழைய லென்ஸ் ஃபிலிமிலிருந்து 45 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும், சோனியின் மிரர்லெஸ் மவுன்ட் (லென்ஸ் பொருந்தும் வளையம்) எடுத்துக்கொள்வது 18 மி.மீ. மட்டுமே. மிச்சமுள்ள இடத்தில்தான் சாயும் பொறி அமர்கிறது. கீழே பார்த்து எடுக்கும்போது லென்ஸை மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். கீழ்நோக்கிச் சாய்த்தால் தரை முழுக்கத் துல்லியமாகி எதிர்விளைவுதான் கிடைக்கும்.

அதைவிட மலிவு, மூடிய ஸ்டுடியோக்களின் டார்க் ரூமில் தூங்கும் 75 மி.மீ. என்லார்ஜர் லென்ஸ் (ஃபிலிமைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் கருவியின் லென்ஸ்). கேமராவின் பாடி மூடியில் வட்ட ஓட்டை போட்டு, ஓட்டைக்கும் லென்ஸுக்கும் நடுவில் கறுப்பு ரப்பர் டியூபைக் குழாயாக ஒட்டிவிடுங்கள். டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) என்றால் டியூபின் நீளம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர், மிரர்லெஸ் என்றால் இன்னும் கூடுதல். அழுத்தினால் தூரத்து ஃபோகஸ், ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் சாய்வு. உள்ளே தூசி இல்லாமல் துடைத்துவிட்டு மாட்டுங்கள், டியூபை இரண்டு அடுக்காகச் சுற்றினால் வெளிச்சம் கசியாது. கையால் பிடித்துக்கொண்டே எடுக்க வேண்டியிருப்பதால் குறுகிய காட்சிகளுக்குத்தான் சரிவரும்.

கண்ணாடித் தகட்டின் மேலும் கீழும் வாஸ்லின் தடவி லென்ஸுக்கு முன்னால் பிடிக்கும் பழைய உத்தியையும் செய்து பார்த்தேன். விளக்குகள் கோடு கோடாக இழுபட்டு கனவுக் காட்சிபோல வருகிறது. அழகுதான், ஆனால் பொம்மைத்தனம் வரவில்லை.

ஒலி

எடுத்தபோது பதிவான சத்தம் வேகத்தில் கீச்சிடும், அதை அணைத்துவிடுங்கள். ஆனால் மௌனமாகவும் விடாதீர்கள். அதே இடத்தில் போனை வைத்து ஒரு நிமிடம் தனியாகச் சத்தம் பதிவு செய்துகொள்ளுங்கள்: ஹாரன், படகு மோட்டார், காக்கை. எடிட்டிங்கில் அதன் சுருதியை மட்டும் சில படி உயர்த்தி, ஒலியளவை நன்றாகக் குறைத்து அடியில் ஓடவிடுங்கள். சின்னப் பொருள்கள் மெல்லிய, கூரிய சத்தம்தானே எழுப்பும். பாம்பன் படகுகளுக்கு அப்படி உயர்த்திய மோட்டார் சத்தத்தைச் சேர்த்தபோது, அவை சாவி கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் விட்ட தகரப் படகுகளாகவே ஓடின.